நாலாம் கட்டிலுக்கு வந்த கைகள்

எனக்கு வந்த காய்ச்சலைப் பற்றி விசாரிக்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். ரொம்பப் பயந்துட்டியா? பயந்தேன். ஆனால் அவர்கள் நினைக்கிற விஷயத்துக்கு இல்லை. ஊசிக்குப் பயந்ததைவிட, எக்ஸ்ரே படத்துக்குப் பயந்ததைவிட, சாயங்கால வேளையில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்ற இரண்டு கைகளுக்குத்தான் அதிகம் பயந்தேன். அந்தக் கைகளைப் பற்றிச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். காய்ச்சலைச் சொல்லாமல் கைகளைச் சொல்ல முடியாது என்பதால் அதுவும் கூடவே வரும்.

முதலில் என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். நான் கதவு மாட்டுகிறவன். மரக்கதவு இல்லை. பெங்களூரில் கம்பெனிக்காரர்கள் கழுத்தில் ஒரு கார்டைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிகிறார்களே, அதைக் காட்டினால் கீச்சென்று கத்திவிட்டுத் திறக்குமே, அந்தக் கதவு. வேலைக்காகத் திருப்பத்தூரிலிருந்து வந்து ஆடுகோடியில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தேன். இந்தத் தொழிலில் நான் கற்ற உண்மை ஒன்றே ஒன்று. கார்டு யாருடையது என்று கதவுக்குத் தெரியும். அது யார் கையில் இருக்கிறது என்று தெரியாது. இதைச் செக்யூரிட்டி மேனேஜர்களிடம் சொல்லிப் பல இடங்களில் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அது பன்றிக் காய்ச்சல் வந்த வருடம். ஊரே முகத்தைக் கட்டிக்கொண்டு திரிந்தது. மெடிக்கல் ஷாப்பில் மாஸ்க் தீர்ந்துபோய், ஆட்டோக்காரர்கள் கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டார்கள். என் மனைவி மலருக்கு ஏழாம் மாதம். வளைகாப்புக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தோம். மலருக்கு ஒரு பழக்கம் உண்டு. நான் புதுச் சட்டை போட்டால் போதும், இரண்டு கையாலும் என் முகத்தைச் சுற்றி வழித்து, தன் நெற்றிப் பொட்டில் விரல்களை மடக்கி வைத்து அழுத்துவாள். படபடவென்று நெட்டி முறியும். எவ்வளவு சத்தமோ அவ்வளவு கண் பட்டிருக்கிறது என்று அர்த்தமாம். இந்த மூஞ்சிக்கு யார் கண் வைக்கப்போகிறார்கள் என்று கேட்டால், “நான் வெச்சிருக்கேன்ல” என்பாள்.

காய்ச்சல் ஒரு மழை நாளில் வந்தது. முதலில் முதுகு வலித்தது, பிறகு கண்ணுக்குப் பின்னால் வலித்தது, பிறகு எது வலிக்கவில்லை என்று தேட வேண்டியதாயிற்று. தெருமுனை டாக்டர் மாத்திரை கொடுத்து, வெந்நீர் குடிக்கச் சொன்னார். நான் உள் அறையை மலருக்கு விட்டுவிட்டு ஹாலில் படுத்தேன். கீழ் வீட்டு ஓனர் அம்மா, கன்னடக்காரர், தினமும் ராகிக் கஞ்சியைப் படியிலேயே வைத்துவிட்டுக் குரல் கொடுப்பார். பயந்துகொண்டேதான் வைத்தார், ஆனால் வைக்காமல் இருக்கவில்லை. அதை நான் மறக்கவில்லை.

குணமாகிவிட்டது என்று நினைத்த நாளில்தான் மூச்சு மாறியது. படியேறி வந்தவன் போல உட்கார்ந்த இடத்திலேயே வாங்கியது. மலரின் தம்பி செந்தில் கால் சென்டரில் வேலை பார்க்கிறவன், அவன் ஆட்டோ பிடித்தான். மலர் வாசல் வரை வந்தாள். வராதே என்று கையைக் காட்டினேன். அவள் அங்கேயே நின்று, காற்றில் என் முகத்தை வழித்து நெட்டி முறித்தாள். அந்தத் தூரத்திலும் சத்தம் கேட்டது.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். அங்கே எங்களுக்கென்று பின்பக்கம் ஒரு தனி வாசல் வைத்திருந்தார்கள். ஷாமியானா போட்டு நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தார்கள். யாராவது இருமினால் அவரைச் சுற்றி இருக்கிற நாற்காலிகள் மெல்லக் காலியாகும். யாரும் எழுந்து ஓடுவதில்லை, தண்ணீர் குடிக்கப் போகிறவர்கள் போலப் போவார்கள், திரும்பி வரமாட்டார்கள். நான் இருமியபோது என் பக்கத்திலும் காலியானது. செந்தில் மட்டும் உட்கார்ந்திருந்தான்.

நீளமான குச்சியை மூக்கில் விட்டு, மூளையைத் தொடுகிற மாதிரி திருகி எடுத்தார்கள். விரலில் ஒரு கிளிப்பை மாட்டினார்கள். ரத்தத்தில் எவ்வளவு ஆக்ஸிஜன் இருக்கிறது என்று அது சொல்லும், இருக்க வேண்டிய அளவு இல்லை என்று சொன்னது. எக்ஸ்ரேயில் கருப்பாகத் தெரிய வேண்டிய நுரையீரல் இரண்டு பக்கமும் பஞ்சு ஒட்டினாற்போல் வெளுத்திருந்தது. அங்கே காற்று இருக்க வேண்டிய இடத்தில் நீர் என்றார்கள். அன்றே உள்ளே படுக்க வைத்தார்கள்.

வார்டு டாக்டர் ஷைலஜா சின்ன வயதுக்காரர். வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ். உள்ளே வருகிறவர் எல்லோரும் கவுன், தொப்பி, மாஸ்க், நீச்சல்காரர்கள் போடுகிற மாதிரி ஒரு கண்ணாடி, கையுறை என்று மூடிக்கொண்டுதான் வந்தார்கள். எந்த மூட்டைக்குள் எந்த மனுஷர் என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். டாக்டரை நான் கேட்ட முதல் கேள்வி, நான் பிழைப்பேனா என்பது இல்லை. அது எப்படி உள்ளே வந்தது என்றுதான் கேட்டேன். தொழில் புத்தி.

“அது உடைச்சிட்டு வரல சார். உங்க செல்லுதான் கதவத் தெறந்து உள்ள கூட்டிட்டுப் போகுது” என்றார்.

அன்று அவர் சொன்னதையும், பிறகு நான் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். இந்தக் கிருமியின் மேல் முழுக்க முள் முள்ளாக இரண்டு வகைப் புரதங்கள் இருக்கின்றன. ஒன்று பிடிக்கிற கை, பெயர் ஹீமக்ளூட்டினின். இன்னொன்று வெட்டுகிற கத்தரி, பெயர் நியூராமினிடேஸ். பேப்பரில் எச்1என்1 என்று போடுகிறார்களே, அந்த எச் கைக்கு, அந்த என் கத்தரிக்கு. எந்த ரகக் கை, எந்த ரகக் கத்தரி என்பதைத்தான் நம்பர் சொல்கிறது. நம் மூச்சுக்குழாயின் செல்கள் மேலெல்லாம் சர்க்கரைச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றின் நுனியில் சியாலிக் அமிலம் என்று ஒன்று உட்கார்ந்திருக்கும். கிருமியின் கை அந்த நுனியைப் பிடித்துக்கொள்கிறது. ஒரு பிடி வலுவில்லாதது, பல கைகள் சேர்ந்து பிடிக்கும்போது விடாது.

இதற்கு மேல் நடப்பதைக் கேட்டபோதுதான் எனக்கு உடம்பு சில்லிட்டது. மேலே ஒட்டியதைச் செல் தன் தோலைக் குழித்து ஒரு பையாக்கி உள்ளே இழுத்துக்கொள்கிறது. அதன் அன்றாடப் பழக்கம் அது. உள்ளே கொண்டுபோனதும் பைக்குள் புளிப்பு ஏறுகிறது, வந்த சாமானைக் கரைக்க. அந்தப் புளிப்புக்காகத்தான் கிருமி காத்திருக்கிறது. புளிப்புப் பட்டதும் அந்தக் கை உருமாறி, மடங்கியது நிமிர்ந்து, பையின் சுவரில் குத்தி, கிருமியின் தோலையும் பையின் தோலையும் ஒன்றாக்கிவிடுகிறது. நடுவில் ஒரு துவாரம் விழுந்து உள்ளே இருக்கும் சங்கதி செல்லுக்குள் இறங்குகிறது. அதன் பிறகு அந்தச் செல் அதற்கு வேலை செய்கிறது. இதில் இன்னொன்று, அந்தக் கை நிமிரத் தயாராக முன்கூட்டியே ஒரு வெட்டு விழ வேண்டும். அதைக் கிருமி செய்துகொள்வதில்லை. நம் மூச்சுக்குழாயிலேயே இருக்கும் ஒரு நொதி வெட்டிக் கொடுக்கிறது.

கத்தரிக்கு வேலை கடைசியில். உள்ளே பெருகிய நகல்கள் வெளியே வரும்போது அதே சர்க்கரையில் மாட்டிக்கொள்ளும். கத்தரி அதை வெட்டிவிட்டால்தான் அடுத்த செல்லுக்குப் போக முடியும். எனக்குக் கொடுத்த மாத்திரை அந்தக் கத்தரியை மழுங்கடிக்கிற மாத்திரை. சீக்கிரம் கொடுத்தால் நன்றாகக் கேட்கும், நீங்க கொஞ்சம் லேட் சார் என்றார் டாக்டர். ஆள் யாரென்று பார்க்காமல் கார்டைப் பார்த்துத் திறக்கிற கதவை என் நெஞ்சுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, ஊரில் இருக்கிற கதவுகளுக்கெல்லாம் புத்தி சொல்லித் திரிந்திருக்கிறேன்.

மறுநாள் மத்தியானம் மூச்சு இன்னும் மோசமானது. என்னை உள் அறைக்கு மாற்றினார்கள். அங்கே நாலாம் நம்பர் கட்டில் அப்போதுதான் காலியாகி, இன்னும் மருந்துத் தண்ணீர் காயாமல் இருந்தது. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் ஒரு ரப்பர் மாஸ்க்கை வைத்துப் பட்டைகளால் தலையோடு இறுக்கினார்கள். ஒரு இயந்திரம் அதன் வழியாகக் காற்றைத் தள்ளியது. நாம் இழுக்காமலே மூச்சு உள்ளே வரும். பேச முடியாது. காதில் எப்போதும் அந்தக் காற்றின் இரைச்சல். வெளிச்சத்தைக் குறைத்து, கழுத்து வரை போர்த்தியிருந்தார்கள். நான் என் மூச்சை விடுகிறேனா, யாருடையதையோ விடுகிறேனா என்றே தெரியவில்லை.

அன்று சாயங்காலம், பார்வையாளர் நேரத்தில், கட்டிலருகே ஒரு வெள்ளை உருவம் வந்து நின்றது. நர்ஸ் என்று நினைத்தேன். நர்ஸ்கள் முதலில் இயந்திரத்தைப் பார்ப்பார்கள். இந்த உருவம் என்னையே பார்த்தது. கண்ணாடி முழுக்க ஆவி படிந்து உள்ளே கண் தெரியவில்லை. கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. பிறகு இரண்டு கையையும் நீட்டி, ரப்பர் மாஸ்க்கின் ஓரமாக என் முகத்தைச் சுற்றி வழித்து, தன் தொப்பியின் மேல் நெற்றிப் பொட்டில் விரல்களை மடக்கி வைத்து அழுத்தியது. கையுறைக்குள் இருந்ததாலும், இரைச்சலாலும், சத்தம் வரவில்லை.

மலர் வந்துவிட்டாள். அடுத்த நொடி எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. கர்ப்பிணிகளுக்கு இந்தக் காய்ச்சல் வந்தால் தாயும் தாங்கமாட்டாள், பிள்ளையும் தாங்காது என்று தெருமுனை டாக்டர் எங்கள் இருவரையும் அத்தனை எச்சரித்திருந்தார். எவன் விட்டான் இவளை? போ போ என்று கையை ஆட்டினேன். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். உதறினேன். மறுபடியும் பிடித்தாள், இன்னும் இறுக்கமாக. தோள் குலுங்கியது, அழுகிறாள் என்று தெரிந்தது. காவலாள் வாசலில் வந்து நின்றதும் போய்விட்டாள்.

இரவெல்லாம் ஒன்றுதான் ஓடியது. அந்தக் கையுறையில் என் எச்சில் பட்டிருக்குமா, அதைக் கழற்றும்போது மூக்கைத் தொட்டிருப்பாளா, அவளுக்குள் எந்தச் செல் இப்போது எதை இழுத்துக்கொண்டிருக்கிறது. பிள்ளைக்கு அப்பனாக நான் செய்த முதல் காரியம் இதுதானா என்று கண்ணில் தண்ணீர் வந்தது. அது மாஸ்க்கின் ரப்பரில் தேங்கி நின்றது.

காலையில் வந்த நர்ஸ் லிஸி, கேரளத்துப் பெண், நல்ல மாதிரி. ஒரு காகிதத்தில், என் மனைவியை உள்ளே விடாதீர்கள், ஏழு மாதம் என்று கிறுக்கிக் காட்டினேன். அவர் வெளியே போய் விசாரித்துவிட்டு வந்தார்.

“உங்களப் பார்க்க இன்னும் யாருமே வரல சார். உங்க மச்சான் மட்டும் கீழ நிக்குது. நேத்து உங்க பேருக்கு ஒரு விசிட்டரும் இல்ல.”

எனக்கு அது போதவில்லை. செந்திலிடம் கேட்கச் சொன்னேன். அவன் மலருக்குப் போன் போட்டிருக்கிறான். நான் வீட்டு வாசப்படி தாண்டல, ஏன் என்னாச்சு அவருக்கு என்று அவள் அழுதிருக்கிறாள். லிஸி அதைச் சொல்லிவிட்டு, காய்ச்சலில் இப்படியெல்லாம் தோன்றும், பேடிக்காதீங்க, பயப்படாதீங்க என்று என் காலைத் தட்டினார். சரி, காய்ச்சல்தான் என்று நானும் ஒப்புக்கொண்டேன். நிம்மதியாகக்கூட இருந்தது.

சாயங்காலம் அது மறுபடியும் வந்தது.

அதே இடத்தில் நின்றது. முகத்தை வழித்தது, பொட்டில் அழுத்தியது, சத்தமில்லை. என் கையை எடுத்து வைத்துக்கொண்டது. கையுறை வழியாகச் சூடு தெரிந்தது. காய்ச்சலில் தோன்றுவது இப்படிச் சூடாக இருக்குமா? மலர் இல்லை என்றால் இது யார்? மலர்தான் என்றால் ஏன் எல்லோரும் இல்லை என்கிறார்கள்? அவளுக்கு ஏதாவது ஆகி, என்னிடம் மறைத்து, அதனால்தான் இப்படி வருகிறாளோ என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு வந்ததும் கையை இழுத்துக்கொள்ளத் தெம்பில்லாமல் போய்விட்டது. பேய்க்கெல்லாம் பயப்படுகிற ஆள் இல்லை நான். ஆனால் அந்த அறையில் முகம் என்று ஒன்று யாருக்குமே இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் எதையும் இல்லை என்று சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அதற்கடுத்த சாயங்காலம் நானே காத்திருந்தேன். வந்ததும் கையை நீட்டினேன். மலரோ, மலரின் வேறெதுவோ, யாராவது பிடித்துக்கொண்டிருக்கட்டும் என்று ஆகிவிட்டது. அன்று வெகுநேரம் பிடித்திருந்தது. இரைச்சலுக்கு நடுவிலும் நான் கொஞ்சம் தூங்கினேன். உள்ளே போனதிலிருந்து முதல் தூக்கம் அதுதான்.

மறுநாள் என் மூச்சு தேறியது. ரப்பர் மாஸ்க்கை எடுத்துவிட்டு, மூக்கில் மெல்லிய குழாய் வைத்தார்கள். முகத்தில் பட்டை பதிந்த இடமெல்லாம் புண். அன்று சாயங்காலம் அந்த உருவம் கதவில் நுழைந்தபோது நான் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். சிரித்தேன். மலர், என்று கூப்பிட்டேன். நாலு நாளில் என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை.

உருவம் பாதி வழியில் நின்றது. நீட்டிய கைகள் அப்படியே நின்றன. அது கிட்டே வந்து, கண்ணாடியைக் கழற்றியது. கழற்றக் கூடாது, ஆனாலும் கழற்றியது. உள்ளே இருந்த கண்கள் மலருடையவை இல்லை. நான் பார்த்தே இராத கண்கள். அவை என் முகத்தில் எதையோ தேடித் தேடிப் பார்த்தன.

“நீங்க யாரு?” என்றது ஒரு பெண் குரல். பிறகு, இன்னும் மெல்லமாக, “எங்க வீட்டுக்காரரு எங்க?”

என்ன நடந்தது என்பது அன்றே தெரிந்துவிட்டது. அவர் பெயர் நசீமா, ஃபிரேசர் டவுன்காரர். கணவர் இக்பால், பைக் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவர், எனக்கு முன்னால் அதே நாலாம் கட்டிலில் இருந்தவர். அவருக்கு முடியாமல் போய், மேல் மாடிக்குக் கொண்டுபோய்த் தொண்டைக்குள் குழாய் விட்டு வென்டிலேட்டரில் வைத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் அதை மறைக்கவில்லை. இக்பாலின் அண்ணனிடம் சொல்லிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அவர்தான் வென்டிலேட்டர் என்ற வார்த்தையைக் கேட்டால் இந்தப் பெண் தாங்காது என்று, அதே இடத்தில்தான் இருக்கிறார், முகத்தில் ஒரு மாஸ்க் மாட்டியிருக்கிறார்கள், பேச்சுக் கொடுக்காமல் பார்த்துவிட்டு வா என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். காவலாளுக்கு இந்த அம்மா முன்பே பழக்கம், நாலாம் கட்டில்தானே என்று விட்டுவிட்டார். சாயங்கால நர்ஸ் அவரை என் வீட்டு ஆள் என்று நினைத்தார். ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்த்தவருக்கு, தொப்பியும் பட்டையும் மாஸ்க்குமாகப் படுத்திருந்த நான்தான் இக்பால்.

எனக்கு அவர் மலர். நான் போ போ என்று கையாட்டியதை, வலியில் தவிக்கிறார் என்று நினைத்துப் பிடித்திருக்கிறார். நான் உதறியதை எப்படி எடுத்துக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை. அந்த அண்ணனையும் என்னால் திட்ட முடியவில்லை. எங்கள் வீட்டிலும் இதைத்தான் செய்திருப்போம்.

அவர் அன்று மாடிப்படியில் ஓடிய சத்தம் எனக்குக் கேட்டது. எனக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா? சந்தோஷம். மலர் வரவில்லை, பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்கிற சந்தோஷம். அது ஒரு நிமிஷம் இருந்தது. பிறகுதான் மேல் மாடியில் இத்தனை சாயங்காலமும் பக்கத்தில் யாரும் இல்லாமல் கிடந்த ஒரு மனிதன் ஞாபகத்துக்கு வந்தான். மயக்க மருந்து கொடுக்கும்வரை அவர் நசீமா எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தாராம். லிஸி சொன்னார், சொல்லியிருக்க வேண்டாம்.

டிஸ்சார்ஜ் ஆன அன்று செந்தில் மருந்து வாங்கப் போயிருந்தான். நான் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சுற்றிலும் மாஸ்க் போட்ட பெண்கள். ஒருவர் எழுந்து என்னிடம் வந்தார். தலையில் துப்பட்டா, மூக்கு வரை மாஸ்க், எனக்கு அடையாளம் தெரிந்தது அந்தக் கண்கள்தான்.

“அவரு இன்னும் கண்ணத் தொறக்கல” என்றார். “உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க பாய்.”

சொல்லுங்க என்றேன்.

“எங்க வீட்ல அத பலாய் எடுக்கிறதுன்னு சொல்வோம். அவரு மேல இருக்கிற கஷ்டத்த நான் எடுத்துக்கிறேன்னு அர்த்தம். மூணு நாளும் அவரு பேரச் சொல்லி, உங்க மேல இருந்து எடுத்துட்டேன். உங்களுக்குச் சரியாயிடுச்சு. அவரு அப்படியே கெடக்கிறாரு.” குரல் உடையவில்லை, கணக்குக் கேட்கிற மாதிரி நிதானமாக இருந்தது, அதுதான் பயமாக இருந்தது. “நீங்க அவருக்கு எடுங்க. உங்களுக்கு வந்த சுகம் அவருக்குப் போய்ச் சேரட்டும்.”

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. என்னைப் பிழைக்கவைத்தது ஆக்ஸிஜனும், மழுங்கிப்போன கத்தரியும், என் உடம்பு தயாரித்த எதிர்ப்புச் சக்தியும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் டாக்டர் சொன்ன இன்னொன்றும் ஞாபகம் வந்தது. மூச்சுக்குழாயின் சளியிலும் அதே சர்க்கரை இருக்கிறதாம். செல் என்று நினைத்துக் கிருமி அங்கேயும் பிடித்துக்கொண்டு நிற்குமாம். இந்தப் பெண்ணின் கைகளும் கணவர் என்று நினைத்துத்தான் மூன்று நாள் என்னைப் பிடித்துக்கொண்டு நின்றன. சரி என்றேன்.

டாக்டர் ஷைலஜாவிடம் போய் நின்றேன். பைத்தியம் என்பார் என்று நினைத்தேன். வெளியே இருந்து வருகிறவர்களில் பயமில்லாமல் அவர் பக்கத்தில் போகக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான் என்றார். இந்தக் கிருமியின் கையைப் போய் மூடுகிற ஆன்டிபாடிகள் இப்போது என் ரத்தத்தில் இருக்கின்றன, அதனால் இது அவரிடமிருந்து எனக்கு அநேகமாகத் தொற்றாது. ஆனாலும் முழுக்கக் கட்டிக்கொண்டு போங்க, ரெண்டே நிமிஷம் என்றார். செந்தில் வந்து கத்தினான். அக்காவுக்கு என்ன மாமா பதில் சொல்றது என்றான். குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவேன் என்று சொல், என்றேன்.

மேல் மாடியில் நானும் ஒரு வெள்ளை உருவம் ஆனேன். கண்ணாடியில் என் மூச்சே ஆவியாகப் படிந்தது. இக்பாலின் முகம் பாதிக்கு மேல் டேப்பும் குழாயுமாக இருந்தது. வீங்கிய இமைகள். என்னைவிட மூத்தவர். இந்த மனிதனுக்கு வர வேண்டிய மூன்று சாயங்காலங்களை நான் வாங்கி வைத்துக்கொண்டிருந்தேன். நசீமா கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்றார்.

ஆண்பிள்ளை நெட்டி முறித்து நான் பார்த்ததில்லை. மலர் செய்வதை நினைத்துக்கொண்டு, அவர் முகத்தைச் சுற்றி வழித்தேன். என் நெற்றிப் பொட்டில் விரல்களை மடக்கி வைத்து அழுத்தினேன். ஒன்றும் வரவில்லை. வியாதியில் விரலில் வலுவே இல்லை. மறுபடி வழித்து மறுபடி அழுத்தினேன். கையுறைக்குள் ஏதோ ஒரு விரல் மட்டும், எனக்கே கேட்டதோ உணர்ந்ததோ தெரியாத அளவுக்கு, மெல்லச் சொடுக்கியது. இயந்திரம் அவருக்கு மூச்சைத் தள்ளிக்கொண்டே இருந்தது. அவர் அசையவில்லை. திரும்பிப் பார்த்தபோது நசீமா தலையை மட்டும் ஆட்டினார்.

நான் வீட்டுக்கு வந்தேன். மழை விட்டது, மாஸ்க்குகள் காணாமல் போயின, எங்களுக்குப் பெண் பிறந்தது. மலரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அந்த அம்மா எப்படி இருக்காங்களோ என்று அவள் அவ்வப்போது கேட்பாள். ஆஸ்பத்திரியில் விசாரிக்கலாம் என்று நான் போனை எடுப்பேன், வைத்துவிடுவேன். இக்பால் இல்லை என்று சொல்லிவிட்டால், அவருக்கு வர வேண்டியதை வைத்துக்கொண்டுதான் நான் உயிரோடு இருக்கிறேனா என்று என்னையே கேட்க வேண்டிவரும். நம்பிக்கை கிடையாது என்று சொன்னவன்தான் நான். அந்த மாதங்களில் மலர் என் முகத்தை வழிக்க வந்தால், வேண்டாம் என்று விலகிக்கொள்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவு தட்டினார்கள். திறந்தேன். ஒரு பெண் நின்றிருந்தார். மாஸ்க் இல்லை. அகலமான முகம், கன்னத்தில் ஒரு மச்சம், எனக்குத் தெரியாத முகம். யாரு வேணும் என்றேன். எனக்குப் பின்னால் மலர் குழந்தையோடு வந்து நின்றாள். அந்தப் பெண் இரண்டு கையையும் நீட்டி, குழந்தையின் முகத்தைச் சுற்றி மெல்ல வழித்து, தன் நெற்றிப் பொட்டில் வைத்து அழுத்தினார். பத்து விரலும் முறிந்தன. அந்தக் கைகளின் சத்தத்தை நான் அன்றுதான் கேட்டேன்.

லிஸியிடம் விலாசம் வாங்கி வந்திருந்தவர் தனியாக நின்றார். அவருடைய தோளுக்குப் பின்னால் படிக்கட்டு காலியாக இருந்தது. அவரு எங்க என்று மலர்தான் கேட்டாள்.

“அவரு கீழதான் இருக்காரு” என்றார் நசீமா. “படி ஏறினா இன்னும் வாங்குது. நின்னு நின்னுதான் வருவாரு.”

நாங்கள் நாலு பேரும் வாசலிலேயே நின்றோம். கீழே செருப்புச் சத்தம் கேட்டது, கொஞ்சம் ஏறி நின்றது. பிறகு, படிக்கட்டின் திருப்பத்துக்கு அந்தப் பக்கம், எந்த இயந்திரமும் இல்லாமல் ஒரு மனிதர் பெரிதாக மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.